புது வலைப்பூ கூகுள் தேடலில் வர நான் செய்தவை

சைக்கிள் பழுதுபார்ப்பது பற்றி ஒரு வலைப்பூ தொடங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது, 23 பதிவுகள். ஒவ்வொன்றும் கழற்றி மாட்டும்போதே படம் எடுத்து, கிரீஸ் கையோடு குறிப்பு எழுதி, இரவில் உட்கார்ந்து தட்டச்சு செய்தது. ஆனால் படித்தவர்கள் எல்லாரும் நானே லிங்க் அனுப்பியவர்கள்தான், தேடி வந்தவர் ஒருவர்கூட இல்லை. ஒரு நாள் என் பதிவின் தலைப்பை ஓர் எழுத்து மாற்றாமல் கூகுளில் போட்டுப் பார்த்தேன். அப்போதும் வரவில்லை. எங்கேயோ அடைப்பு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அடைப்பு ஒரே ஒரு டிக்கில் இருந்தது. வலைப்பூவை வடிவமைத்துக்கொண்டிருந்த நாட்களில், அரைகுறையாக யார் கண்ணிலும் படவேண்டாம் என்று நினைத்து, தேடுபொறிகள் இதைச் சேர்க்க வேண்டாம் என்ற பெட்டியில் நானே டிக் வைத்திருந்தேன். எழுதத் தொடங்கிய பிறகு அதை எடுக்க மறந்துவிட்டேன். புதிதாக எழுத வருகிற யாருக்கும் அந்த நான்கு மாதம் வீணாகக் கூடாது, அதற்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு சோதனை. கூகுள் பெட்டியில் ஆங்கிலத்தில் சைட் என்று அடித்து, அதை ஒட்டியே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் வலைப்பூ முகவரியைப் போடுங்கள். உங்கள் பக்கங்கள் வரிசையாக வந்தால் கூகுளுக்கு உங்களைத் தெரியும், இனி வேலை எல்லாம் மேலே வருவதற்கானது. ஒன்றுமே வரவில்லை என்றால் பெரும்பாலும் நீங்கள் இன்டெக்ஸிலேயே, அதாவது கூகுள் படித்துச் சேமித்துவைக்கும் பட்டியலிலேயே இல்லை, அப்படி இருக்கும்போது தலைப்பை மாற்றுவது, குறிச்சொல் சேர்ப்பது எதுவும் உதவாது. பட்டியலில் சேர்வது, மேலே வருவது என்ற இந்த இரண்டையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். தேடுபொறி முதலில் வந்து படிக்க வேண்டும், படித்ததைச் சேமிக்க வேண்டும், அதற்கப்புறம்தான் யாரை எங்கே நிறுத்துவது என்ற கேள்வியே வரும்.

நீங்கள் வலைப்பூ நடத்துவது வேர்ட்பிரஸில் என்றால் செட்டிங்ஸில் ரீடிங் என்ற பக்கத்தின் அடியில் அந்த டிக் பெட்டி இருக்கும், அது காலியாக இருக்க வேண்டும். பிளாகர் என்றால் செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் தேடுபொறிகளுக்குத் தெரியட்டும் என்ற பொத்தான் இருக்கிறது, அது போட்டிருக்க வேண்டும். அப்புறம் ரோபோட்ஸ் கோப்பு, தேடுபொறிகள் எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்று சொல்வது. எங்கேயோ படித்ததை நகலெடுத்து அதில் ஒட்டியிருந்தால் ஒருமுறை திறந்து பாருங்கள், ஒரேயொரு சாய்கோடு தப்பான இடத்தில் இருந்தால் வலைப்பூ முழுவதையும் அது தடுத்துவிடும்.

கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்ததும், கூகுள் தேடலில் உங்கள் வலைப்பூவின் நிலையை உங்களுக்குக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் பதிவு செய்யுங்கள். இலவசம். வலைப்பூ உங்களுடையதுதான் என்று உறுதிசெய்ததும் சைட்மேப்பின், அதாவது உங்கள் பக்கங்களின் பட்டியலின் முகவரியைக் கொடுக்கச் சொல்லும். இதற்காகத் தனியாக எதையும் நிறுவ வேண்டாம், பிளாகரில் அது தானாகவே இருக்கிறது, வேர்ட்பிரஸிலும் 2020-இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து உள்ளேயே வருகிறது. முக்கியமான ஒன்றிரண்டு பதிவுகளின் முகவரியை மேலே உள்ள பெட்டியில் போட்டு, இன்டெக்ஸ் செய்யும்படி கேட்கலாம். ஒருமுறை கேட்டால் போதும், திரும்பத் திரும்பக் கேட்பதால் வேகம் கூடாது என்று கூகுளே சொல்கிறது. சில நாள் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். எனக்கு டிக்கை எடுத்த பிறகு முதல் பதிவு வர ஒன்பது நாள் ஆனது, அந்த ஒன்பது நாளும் காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்த்தேன்.

பிங் தேடுபொறிக்கும் இதேபோல ஒரு வெப்மாஸ்டர் பக்கம் உண்டு. சர்ச் கன்சோலில் உள்ளதை அப்படியே இழுத்துக்கொள்ளும் வசதி இருப்பதால் ஐந்து நிமிட வேலைதான். டக்டக்கோ, யாஹூ இரண்டும் தங்கள் முடிவுகளில் பெரும்பகுதியைப் பிங்கிடமிருந்துதான் எடுக்கின்றன, அதனால் விட்டுவிடாதீர்கள்.

சரி, இனி எழுத்து. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். என் பதிவு ஒன்றின் தலைப்பு ‘தடம் மாறிய சங்கிலி’. எழுதும்போது எனக்கு அது அழகாகத்தான் இருந்தது, இப்போதும் பிடிக்கும். ஆனால் பாதி வழியில் செயின் கழன்று, வண்டியை ஓரமாகச் சாய்த்துவிட்டுப் போனை எடுக்கிற மனிதர் சங்கிலி என்று தேடுவாரா? ‘சைக்கிள் செயின் அடிக்கடி கழன்று விழுகிறது’ என்றுதான் அடிப்பார். நான் அந்த வாக்கியத்தையே தலைப்பாக்கினேன். என் பழைய தலைப்பு உள்ளே முதல் வரியில் இன்னும் இருக்கிறது. பதிவில் வேறெதையும் மாற்றவில்லை, தேடலிலிருந்து வந்த முதல் வாசகர் அந்தப் பதிவுக்குத்தான் வந்தார்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல். ஒரே பொருளுக்கு எழுத்தில் ஒரு சொல், வாயில் ஒரு சொல், தேடும்போது ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ் ஒன்று. மிதிவண்டி என்று எழுதுவதில் எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் தேடுகிறவர் சைக்கிள் என்கிறார். அதனால் இரண்டையுமே பதிவில் இயல்பாக வருகிற இடத்தில் வைக்கிறேன், தலைப்பில் மட்டும் தேடுகிறவர் பக்கம் நிற்கிறேன். அதற்காக ஒரே சொல்லைப் பத்தி பத்தியாகத் திணிக்க வேண்டாம், படிக்கிறவருக்கு அது தொல்லை, தேடுபொறியும் அதைக் குப்பையாகத்தான் எடுத்துக்கொள்ளும். பதிவின் நிரலில் ஒளித்துவைக்கும் மெட்டா கீவேர்டுகளையும் மறந்துவிடுங்கள், வரிசைப்படுத்த அவற்றைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-இலேயே அறிவித்துவிட்டது. இன்னமும் அதை நிரப்பச் சொல்லும் அறிவுரைகள் சுற்றிக்கொண்டிருப்பது வருத்தமாக இருக்கிறது.

பிளாகரில் இன்னொன்று. தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் பதிவின் முகவரி வெறும் பிளாக் போஸ்ட் என்றும் ஓர் எண்ணுமாக அமைந்துவிடும். வெளியிடும் முன்பே, பதிவின் முகவரியை அமைக்கும் பெர்மாலிங்க் பகுதியில் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல் கொடுத்துவிட்டால் பகிரும்போது என்னவென்று தெரியும். தேடலில் இதனால் பெரிய மாற்றம் வராது, ஆகவே பழைய பதிவுகளின் முகவரியைத் தோண்டி மாற்றாதீர்கள், ஏற்கெனவே கொடுத்த லிங்க்குகள் உடைந்துபோகும்.

அடுத்தது இணைப்புகள். ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள், எப்படிப்பட்ட பக்கங்கள் சுட்டுகின்றன என்பதைக் கொண்டு அதன் மதிப்பை அளப்பதுதான் லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-இல் வெளியிட்ட பேஜ்ரேங்க் யோசனை, அதிலிருந்துதான் கூகுளே வளர்ந்தது. புதிதாக வந்தவரை வெளியிலிருந்து யார் சுட்டப்போகிறார்கள் என்று சோர்ந்துபோகத் தேவையில்லை, உள்ளிருந்தே தொடங்கலாம். செயின் பதிவில் கியர் பற்றிப் பேசினால் கியர் பதிவுக்கு லிங்க் கொடுங்கள், அதுவும் ‘இங்கே’ என்ற சொல்லுக்கு வேண்டாம், ‘பின்பக்கக் கியரைச் சரிசெய்வது’ என்ற சொற்களுக்குக் கொடுங்கள். என் 23 பதிவுகளும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தீவுகளாகக் கிடந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அவற்றைக் கோத்தேன், சைட்மேப்பில் இருந்தும் வெகுநாளாகச் சேராமலிருந்த ஏழு பதிவுகள் அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாக இன்டெக்ஸில் வந்தன.

லிங்க்குகளை விலைக்கு விற்கிறவர்கள் உங்களையும் தேடி வருவார்கள். முதல் பக்கத்தில் முதலிடம் உறுதி என்று எனக்கு மின்னஞ்சல் வராத வாரமே இல்லை. முதலிடத்தை யாராலும் உறுதியளிக்க முடியாது என்று கூகுள் தன் உதவிப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. 2012-இல் கூகுள் வரிசைப்படுத்தும் முறையில் பென்குயின் என்ற மாற்றம் வந்தபோது, இப்படிச் செயற்கையாகச் சேர்த்த இணைப்புகளால் மேலே நின்ற தளங்கள்தான் குறிவைத்துக் கீழே தள்ளப்பட்டன. காசும் போய், வலைப்பூவின் பேரும் கெட்டுப்போகும்.

படங்களை அளவு குறைத்து ஏற்றுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விவரம் கொடுங்கள், போனில் ஒருமுறை திறந்து பாருங்கள். கூகுள் இப்போது பக்கத்தின் மொபைல் வடிவத்தைத்தான் படிக்கிறது.

இப்போதெல்லாம் நான் அதிகம் பார்ப்பது சர்ச் கன்சோலின் பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையைத்தான். என்ன சொற்களைத் தேடியபோது உங்கள் பதிவு கண்ணில் பட்டது, எத்தனை பேர் தொட்டார்கள் என்று 16 மாதத் தகவல் அதில் இருக்கும். புதிதில் வெறுமையாக இருக்கும், பொறுங்கள். பிறகு ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் எங்கேயோ கேட்ட கேள்வியாக வந்து நிற்கும். போன வாரம் ‘பெடல் மிதித்தால் டக் டக் சத்தம்’ என்று ஒரு வரி இருந்தது, மூன்று முறை தேடியிருக்கிறார்கள், ஒருவரும் உள்ளே வரவில்லை. வரவில்லை என்பதில் நியாயம் இருக்கிறது, பெயரளவில் ஒரு வரி தவிர அதைப் பற்றி என்னிடம் எதுவுமே இல்லை. பெடலைக் கழற்றி வைத்திருக்கிறேன், நாளைக் காலை நல்ல வெளிச்சத்தில் படம் எடுக்க வேண்டும்.