605 கட்டிகளும் ஒரு பரம்பரையலகும்

நம் கல்லூரி விலங்கியல் ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியின் ஆடியை யன்னல் பக்கம் திருப்பி வெளிச்சம் பிடித்தவர்களுக்கு, பார்வைத்துண்டை மாற்றினால் புலத்தின் அகலமும் மாறும் என்பது புதுச் செய்தியல்ல. அந்தச் சின்ன விடயம் ஒரு மார்பகக் கட்டியின் வகையையே மாற்றிவிடும். சிங்கப்பூர்க் கிளை அங்கத்தவர் பலர் அடிக்கடி கடந்துபோகும் ஊட்ரமில், சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய நோயியல் பேராசிரியர் டான் புவே ஹூனின் ஆய்வுப் பட்டியலை இந்தச் சின்ன விடயத்திலிருந்து தொடங்கித்தான் வாசிக்கவேண்டும்.

பலரும் அவருடைய பரம்பரையலகு ஆய்வைத்தான் முதலில் சொல்வார்கள். நான் எடுப்பது 2012இல் வெளியான ஃபைலோடீஸ் கட்டி ஆய்வை. மேலணியும் (குழாய்களின் உட்புறத்தை மூடும் கலங்கள்) தாங்கிழையமும் (அவற்றைச் சுற்றித் தாங்கும் இழையம்) சேர்ந்து வளரும் அரிய மார்பகக் கட்டி இது. 605 பெண்களின் கட்டிகளை ஆராய்ந்து, வெட்டியபின் திரும்ப வருமா என்று கணிக்க நான்கு அடையாளங்களைத் தெரிந்தார்கள்: தாங்கிழையக் கலங்களின் உருக்கோணல், இழையுருப்பிரிவு (கலம் இரண்டாகப் பிரிதல்) எண்ணிக்கை, தாங்கிழையத்தின் மிகைவளர்ச்சி, வெட்டு விளிம்பு.

மிகைவளர்ச்சியைப் பார்ப்பது சுலபம். 4 மடங்குப் பொருள்வில்லையில் ஒரு முழுப் புலத்திலும் மேலணியே தென்படாவிட்டால் அதுதான். இழையுருப்பிரிவு எண்ணிக்கையில்தான் சிக்கல். உயர் உருப்பெருக்கத்தில் 10 புலங்களில் எண்ணுவார்கள். 5க்குக் கீழே என்றால் தீங்கற்றது, 5 முதல் 9 வரை இடைநிலை, 10 அல்லது அதற்கு மேல் இருந்து மற்ற அடையாளங்களும் சேர்ந்தால் புற்று. ஆனால் புலத்தின் விட்டம் 0.5 மி.மீ. என்றால் பரப்பு ஏறத்தாழ 0.2 சதுர மி.மீ.; 0.6 என்றால் 0.28. முதலாவதில் 4 காட்டிய கட்டி இரண்டாவதில் 6 காட்டி இடைநிலைக்கு ஏறிவிடும். (உயர்தர மாணவர்கள் கணக்கைச் செய்து பார்க்கலாம்.) அதனால்தான் சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை என்று எழுதச் சொல்கிறார்கள். வெட்டியெடுத்த துண்டை, அழுகாமல் காக்கும் ஃபோமலின் திரவத்தில் போடப் பிந்தினாலும் கோளாறுதான்: கருக்கள் சுருங்கிக் கறுத்து, இழையுருப்பிரிவு போலவே கண்ணை ஏய்க்கும்.

இப்படிக் கண் பழகிய குழு என்பதால்தான் 2014இல் அடுத்த கட்டம் கைகூடியது என்பது என் கணிப்பு. புற்றுநோய் ஆய்வாளர்களான பேட்ரிக் டான், டே பின் டியான் ஆகியோருடன் சேர்ந்து, இளம் பெண்களிடம் சாதாரணமாகக் காணப்படும் தீங்கற்ற மார்பகக் கட்டியான ஃபைப்ரோஅடினோமாவை எடுத்தார்கள். முதலில் 8 கட்டிகளின் எக்சோமை (டி.என்.ஏ.யில் புரதங்களுக்கான பகுதிகள் முழுவதையும்) அதே பெண்களின் இரத்தத்தோடு ஒப்பிட்டார்கள். பிறகு 98 கட்டிகளைச் சோதித்ததில் 58இல் மெட்12 பரம்பரையலகின் இரண்டாம் எக்சானில் (அத்தகைய பகுதிகளில் ஒன்று) விகாரம், அதாவது எழுத்து மாற்றம், இருந்தது. கருப்பை நார்க்கட்டிகளில் 2011இல் கண்ட அதே பரம்பரையலகு, அதே எக்சான்.

லேசரால் மேலணியையும் தாங்கிழையத்தையும் வேறாக வெட்டிப் பார்த்தபோது விகாரம் தாங்கிழையத்தில் மட்டுமே கிடைத்தது. இதன் நடைமுறை விளைவு பெரிது. ஒரு கலத்தில் உள்ள அந்தப் பரம்பரையலகின் இரு பிரதிகளில் ஒன்றுதான் விகாரப்பட்டது. எனவே துண்டில் பாதி தாங்கிழையம் என்றால் டி.என்.ஏ. வாசிப்புகளில் 25 வீதம்தான் விகாரம் தெரியும். ஐந்திலொரு பங்கு என்றால் 10 வீதம். டி.என்.ஏ.யை வாசிக்கும் பழைய சாங்கர் முறையில் 15 அல்லது 20 வீதத்துக்குக் கீழ்ப்பட்டது பின்னணி இரைச்சலில் அமிழ்ந்துபோகும். ஆகவே ஒரே இடத்தைப் பலமுறை வாசிக்கும் ஆழமான வரிசைப்படுத்தல் வேண்டும். அதற்கு முன் தகட்டைப் பார்த்துத் தாங்கிழையம் செறிந்த இடத்தைப் பேனாவால் வட்டமிடவும் வேண்டும். துண்டைப் பதித்துவைத்த மெழுகுக் கட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு சுரண்டினால் வேலை வீண். ஃபோமலின் வேறு டி.என்.ஏ.யைத் துண்டாடும், சைற்றோசின் என்ற எழுத்தைக் கெடுத்து யுராசிலாக்கி, தைமின் என்ற வேறெழுத்துப் போல வாசிக்கவைக்கும். இந்தப் பொய் விகாரங்களைக் குறைக்க, யுராசிலை வெட்டியெடுக்கும் நொதியத்தை முதலிலேயே சேர்ப்பார்கள்.

2015 ஆய்வு ஃபைலோடீஸுக்குத் திரும்பியது. மெட்12 அங்கும் இருந்தது; ஃபிலமின் ஏ, செட்டி2 போன்ற வேறு பரம்பரையலகுகளின் விகாரங்கள் ஃபைலோடீஸில் கூடுதலாகச் சேர்ந்திருந்தன. எனவே ஊசியால் எடுத்த சிறு துண்டில் மெட்12 விகாரம் கிடைத்தது என்று மட்டும் சொன்னால் ஃபைப்ரோஅடினோமாவையும் ஃபைலோடீஸையும் பிரிக்கமுடியாது.

நான்காவது அடையாளமான வெட்டு விளிம்பு சத்திரசிகிச்சைக் கூடத்திலேயே தொடங்குகிறது. மேற்பக்கத்துக்குக் குட்டைத் தையலும் வெளிப்பக்கத்துக்கு நீட்டுத் தையலும் போட்டு அனுப்புவது பரவலான வழக்கம். நோயியலாளர் ஆறு பக்கமும் மை பூசி, உலரவிட்டு, பிறகுதான் வெட்டவேண்டும். ஈரத்தோடு வெட்டினால் மை உள்ளே ஓடி, எட்டத்தில் இருக்கும் கட்டியும் விளிம்பைத் தொட்டது போலக் காட்டும்.