பூனைச் சளி: மருந்தை விடப் பாடுபடுத்திய மூக்கு

மூன்று குட்டிகளும் கைக்கு வந்தபோது கண்ணே திறக்காதவை போலத் தெரிந்தன. மருத்துவர் வாயைத் திறந்து பால்பற்களைப் பார்த்துவிட்டு, "நாலு வாரம் இருக்கும், கண்ணெல்லாம் எப்பவோ திறந்தாச்சு, பீளைதான் ஒட்டியிருக்கு" என்றார். பூனைச் சளி. பெரும்பாலும் ஹெர்பிஸ் அல்லது கலிசி வைரஸ் செய்யும் வேலை. கூடவே பாக்டீரியாவும் சேர்ந்துகொள்ளும். அதற்குத்தான் ஆன்டிபயாடிக், வைரஸைக் குட்டியின் உடம்புதான் சமாளிக்க வேண்டும்.

பசியோடு வந்திருக்கின்றன, முதலில் பாலைக் கொடுப்போம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் உடம்பு சில்லிட்டிருக்கும் குட்டிக்குப் பால் கொடுக்கக் கூடாது. குடல் வேலை செய்யாது, விழுங்கவும் தெம்பு இருக்காது. இந்த வயதில் உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைத்தோம். சூடு அதிகமானால் மறுபாதிக்கு நகர்ந்துவிடலாம். மெதுவாகத்தான் சூடேற்ற வேண்டும்.

அப்புறம் பால். மாட்டுப்பால் வயிற்றைக் கெடுக்கும் என்பதால் குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவு. குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்துப் புகட்டினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். வயிறு தரையில் படும்படி உட்கார வைத்து, சிரிஞ்சை வாயோரமாக நுழைத்து, ஒரு சொட்டு விழுங்கிய பிறகே அடுத்த சொட்டு.

உண்மையில் எங்களைப் படாதபாடு படுத்தியது மூக்குதான். வாசனை தெரியாவிட்டால் பூனை சாப்பிடாது. உணவு முன்னால் இருக்கும், குட்டி அதன் மேலேயே தலையை வைத்துத் தூங்கும். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்தி, மடியில் குட்டிகளோடு பத்து நிமிடம் ஆவியில் உட்காருவேன். சளி இளகியதும் மூக்கைச் சுற்றிக் காய்ந்திருந்ததை ஈரப் பஞ்சால் துடைத்து, சலைன் ஒரு சொட்டு. உடனே ஒரு தும்மல், என் சட்டை முழுக்க! அந்த இடைவெளியில் சற்றே சூடாக்கிய ஈர உணவை நீட்ட வேண்டும். செவலைக் குட்டி முகர்ந்து, ஸ்பூனையே கடித்து இழுத்ததை அப்படித்தான் முதலில் பார்த்தேன்.

கண்ணில் ஒட்டிய பீளையைப் பிய்க்கக் கூடாது. வெதுவெதுப்பான சலைனில் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வைத்திருந்தால் தானே இளகிவிடும். ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்து எதையும் விட வேண்டாம். கருவிழியில் புண் இருந்து, மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் பார்வையே போகலாம். காய்ச்சலுக்குக் கொஞ்சம் பாராசிட்டமால் கொடுக்கலாமே என்று வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் சொன்னார். பூனைக்கு அது விஷம், ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும்.

வாங்கியதிலேயே உருப்படியான பொருள் சமையலறை எடைத்தராசு. தினமும் காலையில், சாப்பாட்டுக்கு முன் நிறுத்து எழுதுவோம். நாளுக்குப் பத்து கிராமாவது ஏற வேண்டும். கறுப்புக் குட்டி மற்றதைப் போலத்தான் ஓடியாடியது, எடை மட்டும் நின்றுபோயிற்று. அன்றே தூக்கிக்கொண்டு ஓடினோம், ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். பிழைக்கவில்லை. எடையைப் பார்த்திராவிட்டால் அந்த ஓட்டமும் இருந்திருக்காது.

வீட்டில் ஏற்கனவே ஒரு பெரிய பூனை உண்டு. அதனால் குட்டிகளுக்குத் தனி அறை, தனிக் கிண்ணம், அந்த அறைக்கென்று தனிச் சட்டை. கலிசி வைரஸ் எல்லா கிருமிநாசினிக்கும் மசியாது என்பதால் தரையை நீர்த்த ப்ளீச்சால் துடைத்தோம்.

சளி விட்டு, எடை ஏறிய பிறகே தடுப்பூசி. சாம்பல் குட்டி இன்னொரு வீட்டுக்குப் போய்விட்டது. ஹெர்பிஸாக இருந்தால் உடம்பிலேயே தங்கிவிடும், மிரண்டாலோ இடம் மாறினாலோ மறுபடி தும்மலாம் என்பதைத் தத்தெடுத்தவர்களிடம் முன்னாலேயே சொல்லிவிட்டோம். செவலைக்கு இப்போதும் இடது கண்ணில் நீர் வடியும். அதை யாருக்கும் கொடுப்பதாக இல்லை.