டை போட்ட ஸ்கேனும் அத்தையின் கழுத்துக் கட்டியும்

டை (படம் தெளிவாகத் தெரிய ரத்தக் குழாயில் ஏற்றும் மருந்து) போட்டு சிடி ஸ்கேன் எடுக்கப் போனால் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்தாச்சா, ஆஸ்துமா உண்டா, அலர்ஜி உண்டா என்று கேட்பார்கள். கழுத்தில் கட்டி உண்டா என்று எங்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

எங்களுக்கு ஊர் கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை. வீட்டில் தமிழ், ஆபீஸ் காரியங்களுக்கு மலையாளம். என் மாமியாருக்குப் பல வருஷமாகக் கழுத்தில் கட்டி. வலியும் இல்லை, விழுங்கச் சிரமமும் இல்லை என்பதால் அதை யாரும் நோயாகவே நினைத்ததில்லை. வயிற்று வலிக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போடச் சொன்ன தாள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது; அத்தைக்குத் தமிழ்தான் வாசிக்க வரும். ஸ்கேன் நல்லபடியாக முடிந்தது. வயிற்றிலும் பயப்படும்படி ஒன்றும் இல்லை.

சில வாரம் கழித்து அத்தை பூ கட்டும்போது கவனித்தேன். முல்லையை இரண்டிரண்டாக வைத்து நாரைச் சுற்றுகிற விரல்கள், முடிச்சு இறுக்கும் இடத்தில் நடுங்கின. மொட்டுகள் நழுவி மடியில் விழுந்தன. நன்றாகத்தான் சாப்பிட்டார், ஆனாலும் ரவிக்கை தொளதொளவென்று ஆகிவிட்டது. ராத்திரியில் "நெஞ்சு படபடன்னு அடிக்குது கண்ணு" என்று எழுந்து உட்கார்ந்துகொள்வார். வயசு, வெயில், சர்க்கரை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஈசிஜியில் துடிப்பு வேகம் என்பது மட்டும் தெரிந்தது. கடைசியில் ஒரு டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சமீபத்துல டை போட்டு ஸ்கேன் எடுத்தீங்களா?"

அந்த டையில் இருப்பது அயோடின். கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி அயோடினைக் கொண்டுதான் ஹார்மோன் செய்கிறது; அத்தையின் கட்டியும் அந்தச் சுரப்பியில்தான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். ஒரு ஸ்கேனுக்கு ஏற்றும் மருந்தில் 30 கிராம் வரைகூட இருக்கும். அதில் பெரும்பகுதி மருந்திலிருந்து பிரியாமல் சிறுநீரில் போய்விடும். பிரிந்து நிற்கும் கொஞ்சமே தினத் தேவையைப்போலப் பல மடங்கு. நல்ல தைராய்டு சில நாள் உற்பத்தியை நிறுத்திவைத்துச் சமாளித்துக்கொள்ளும். வோல்ஃப், சைகாஃப் என்ற இரு விஞ்ஞானிகள் 1948-இல் இதை விவரித்தார்கள். அத்தைக்கு இருப்பதுபோன்ற கட்டிகள் யார் சொல்லும் கேட்காமல் இயங்குபவை. அயோடின் கிடைத்ததும் ஹார்மோனைக் கொட்ட ஆரம்பித்துவிடும். ஹாஷிமோட்டோ (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய்) உள்ளவர்களுக்கு நேர்மாறு: நிறுத்திய உற்பத்தி திரும்பத் தொடங்காமல் தைராய்டு ஹார்மோன் குறைந்துவிடலாம்.

தைராய்டை வேலை செய்யச் சொல்லும் ஹார்மோனான டிஎஸ்எச் ரத்தத்தில் ஏறக்குறைய இல்லை என்று ரிசல்ட் வந்தது; தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்பதன் அடையாளம் அது. துடிப்பை அடக்க ஒரு மாத்திரை, ஹார்மோனைக் குறைக்கக் கார்பிமசோல். கட்டியின் வேலையைப் பார்க்கும் நியூக்ளியர் ஸ்கேனை உடனே எடுக்க முடியாது; உடம்பில் அயோடின் நிறைந்திருந்தால் அது எதையும் காட்டாது, ஒன்றிரண்டு மாதம் பொறுக்க வேண்டும் என்றார்கள். இப்போது அத்தையின் கை நிதானப்பட்டிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு இந்தத் தொந்தரவு வருவதே இல்லை, அவசரமான ஸ்கேன் உயிரைக் காப்பாற்றும். ஆனால் வீட்டுப் பெரியவர்களுக்குக் கழுத்தில் வீக்கமோ பழைய தைராய்டு தொந்தரவோ இருந்தால், அதை நீங்களாகவே வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆஞ்சியோவுக்கும் இதே அயோடின் டைதான். முன்னால் ஒரு டிஎஸ்எச், அப்புறம் சில வாரம் படபடப்பு, எடை, கை நடுக்கம் மேல் ஒரு கண். 3 வயது வரையிலான குழந்தைகளுக்கு டை ஏற்றினால் 3 வாரத்துக்குள் தைராய்டு பார்க்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2022-இலேயே அறிவுறுத்தியிருக்கிறது.

இன்னொன்று. அத்தைக்கு அயோடினால் வந்தது என்று கேள்விப்பட்டதும் பக்கத்து வீட்டு அக்கா அயோடின் உப்பை நிறுத்திவிட்டுக் கல்லுப்புக்கு மாறப்போவதாகச் சொன்னார். வேண்டாம் அக்கா. உப்பில் இருப்பது உடம்பு தினமும் கேட்கிற அளவுதான்.