சும்மா வெந்நீர் அல்ல

சித்தப்பாவின் அறுபதாம் பிறந்தநாளுக்காகச் சென்ற மாதம் தேனாம்பேட்டைப் பக்கம் ஒரு ஹோட்டலுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். பெயரின் கவர்ச்சியால் நான் கோழி கொன்சொமே கேட்டேன். வெள்ளைக் கிண்ணத்தில், அடியில் வரைந்திருந்த பூ தெளிவாகத் தெரியும்படி, தேன் நிறத்தில் சூப் வந்தது. சித்தப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, சும்மா வெந்நீர்ல கலர் போட்ட மாதிரி இருக்கு?" என்றார்.

அவர் அறியாமல் சொன்ன "சும்மா" அந்தப் பெயருக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. கொன்சொமே என்பது "நிறைவுசெய்" என்று பொருள்படும் பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்த எச்சம். அதன் வேர், இலத்தீனில் கூட்டுத்தொகையையும் உச்சத்தையும் குறிக்கும் "சும்மா" என்ற சொல். நம் சும்மாவுக்கும் அதற்கும் உறவு எதுவும் இல்லை. ஓசை ஒன்றாக வாய்த்த வேடிக்கை மட்டுமே. ஆனால் பொருள் நேர் எதிரானது என்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது: பார்வைக்கு ஒன்றுமில்லாதது போலிருக்கும் அந்த நீரின் பெயர் "முழுமையாக்கப்பட்டது".

பூயோன் என்ற மற்றொரு பிரெஞ்சுச் சூப்பின் பெயர், கொதித்தலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. எலும்பும் இறைச்சியும் வெந்து இறங்கிய சாறு அது. கொன்சொமேயோ ஏற்கெனவே தயாரான அத்தகைய சாற்றை இரண்டாம் முறை சமைப்பது. ஆறிய சாற்றில் கொழுப்பில்லாத கொத்திறைச்சி, பொடியாக நறுக்கிய வெங்காயம், கேரட், செலரி, முட்டை வெள்ளைக்கரு ஆகியவற்றைக் கலந்து, மெல்லிய தீயில் வைத்து, சூடேறும் வரை அடிபிடிக்காமல் கிளறுவார்கள். வெள்ளைக்கருவின் புரதம் சூட்டில் இறுகி, சாற்றைக் கலங்கலாக்கும் நுண்துகள்களைப் பற்றிக்கொண்டு, தெப்பம் போல மேலே மிதந்து வரும். அதன்பின் கிளறவும் கூடாது, தளதளவென்று கொதிக்க விடவும் கூடாது. தெப்பம் உடைந்தால் சாறு மறுபடி கலங்கிவிடும். பிறகு தெப்பத்தில் ஓர் ஓட்டையிட்டு, அதன் வழியே மெதுவாக முகந்து, மெல்லிய துணியில் வடிகட்டுகிறார்கள். புதிதாகச் சேர்த்த இறைச்சியின் சுவையும் அதில் இறங்கியிருப்பதால், தெளியத் தெளிய ருசி கூடுகிறதே தவிர நீர்த்துப்போவதில்லை. நன்றாகச் செய்தது ஆறினால் எலும்பிலிருந்து இறங்கிய ஜெலட்டினால் ஜெல்லியாகத் திரண்டுவிடும். வெந்நீர் அப்படித் திரளாது.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னபோது, "அவ்வளவு கறியையும் போட்டுட்டு வடிகட்டித் தூக்கிப் போடுறதா?" என்று அவர் வருந்தியதில் நியாயம் இல்லாமல் இல்லை.

நம் ஊரில் தெளிவுக்கு மதிப்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நாம் ரசம் என்பதைக் கன்னடத்தில் சாரு என்கிறார்கள், தெலுங்கிலும் சாரு, வைணவ வீடுகளில் சாற்றமுது. எல்லாமே பிழிந்தெடுத்த சாரத்தைக் குறிக்கும் பெயர்கள். நுரை கட்டி வந்ததும் ரசத்தை இறக்கிவிட வேண்டும், கொதிக்க விட்டால் மணம் போய்விடும் என்று பாட்டி சொல்வதும், தெப்பத்தை உடைக்காதே என்று பிரெஞ்சுச் சமையற்காரர் சொல்வதும் காரணத்தில் வேறானாலும் பக்குவத்தில் ஒன்றுதான்.

கல்யாணப் பந்தியில் ரசவாளியோடு வருபவர் "தெளிவா, கலக்கியா?" என்று கேட்பது வழக்கம். சித்தப்பா ஒருநாளும் கலக்கி வாங்கியதில்லை. மேலாக இருக்கும் தெளிவைத் தமக்கு ஊற்றச் சொல்லிவிட்டு, அடியில் தங்கிய மண்டியைப் பக்கத்து இலைக்காரரான எனக்குக் கை காட்டுவார்.