உச்சியில் இரண்டு விரற்கடை

ஆகஸ்ட் 11, 2022, வியாழன்

கதிர்ச் சிகிச்சை ஒன்பது முடிந்தது. இன்னும் ஏழு. இடக்கை எட்டும் உயரத்துக்குச் சுவரில் போடும் பென்சில் கோடு நேற்றைய இடத்தைத் தாண்டவில்லை.

ஆகஸ்ட் 12

நான் செய்தி வாசிக்கும் எங்கள் தமிழ் ரீவித் தம்பி இன்றும் எடுக்கவில்லை. கடைசியாகக் கதைத்தபோது, "ஆறுதலா வாங்கோ அன்ரி, என்ன அவசரம்" என்றார். போன வருடம் வரைக்கும் நான் அவருக்கு அக்கா. ஆஸ்பத்திரிக்குப் போய் வருவதற்குள் எங்கேயோ அன்ரி ஆகிவிட்டேன்.

இரவு கண்ணாடிக்கு முன்னால் நின்று உச்சி பிரித்துப் பார்த்தேன். இரண்டு விரற்கடை வெள்ளை. இடக்கையைக் காதுக்கு மேலே தூக்க முடியாதபோது சாயம் பூசுவது எப்படி? இவரிடம் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல மாட்டார். காதும் கழுத்தும் சேர்ந்து கறுக்கும், அவ்வளவுதான். பெட்டி உடைக்காமல் அலுமாரித் தட்டில் இருக்கிறது. 'இயற்கைக் கறுப்பு' என்று அதில் போட்டிருக்கிறது.

ஆகஸ்ட் 13

ஏழு என்று எண்ணும்போதெல்லாம் ரீச்சர் வந்து நிற்கிறார்.

ஆகஸ்ட் 15, திங்கள்

கதிர் அறைக்கு வெளியே, பின்பக்கம் முடிச்சுப் போடும் அந்த அங்கியோடு உட்கார்ந்துகொண்டு ஃபோனைத் தட்டினேன். லீசா லஃப்லாம். தானே எடுத்துப் போட்ட வீடியோ, இரண்டு நிமிடம் வரும். கனடாவின் சீரிவி தொலைக்காட்சி தன் ஒப்பந்தத்தை முடித்துவிட்டது என்கிறார். வியாபார முடிவாம். 35 வருடம் அங்கே வேலை, 2011 இலிருந்து இரவுச் செய்தியின் முதன்மை வாசிப்பாளர். வயது 58. ஜூன் 29 ஆம் திகதியே சொல்லிவிட்டார்களாம். மிச்ச விவரம் தீரும்வரை கூட வேலை செய்பவர்களுக்குக்கூடச் சொல்லக் கூடாது என்றும் கேட்டார்களாம். கிட்டத்தட்ட ஏழு கிழமை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்.

என்னைவிட ஒரு வயது கூட.

அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். கையைத் தலைக்கு மேலே வைத்துப் படுக்க வேண்டும், அசையக் கூடாது. கூரையில் மேப்பிள் மரப் படம் ஒட்டியிருக்கிறது, படுத்துக்கிடப்பவர்கள் பார்க்கட்டும் என்று. அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மனம் முழுக்க அந்த மேசைதான். லொயிட் ரொபர்ட்சன் அதே மேசையிலிருந்து எழும்பியபோது அவருக்கு 77 வயது. விடைபெற்றுப் போனதை நாங்கள் வீட்டில் எல்லாரும் இருந்து பார்த்தோம், மாமியும் அழுதா, அவவுக்கு ஒரு வரி ஆங்கிலம் விளங்காது. லீசாவுக்கு ஒரு "போயிட்டு வாறன்" சொல்ல விடவில்லை. இடத்தைப் பிடிப்பவரின் பெயரும் அதே நாளிலேயே வந்துவிட்டது.

ஆகஸ்ட் 16

இவரோடு வாக்குவாதம். "ரீவி எண்டால் முகம்தானே. கிரிக்கெற்காரன் நாப்பதில போறான், ஆரும் வழக்குப் போடுறேல்லை."

செய்தி வாசிக்க ஓட வேணுமா என்று கேட்டேன். அப்புறம் விளம்பரத்துக்கு வந்தார். விளம்பரக்காரர் 25 வயதிலிருந்து 54 வரைக்கும்தான் கணக்கெடுப்பார்களாம், இங்கே அதுதான் வழக்கமாம். "அப்ப நானும் நீங்களும் இனிச் சவர்க்காரம் வாங்கிறேல்லையோ?" என்றேன். பதில் இல்லை. ஆனால் அவர் சொன்னது பொய்யும் இல்லை, அதுதான் எரிச்சல். பொதுத் தொலைக்காட்சியான சீபீசியில் பீற்றர் மான்ஸ்பிரிட்ஜ் 68 வயது வரைக்கும் இருந்துவிட்டு, 2017 கனடா தினத்தன்று, தானே நாள் குறித்துப் போனார். அவரைப் பார்த்தவர்களும் சவர்க்காரம் வாங்கியவர்கள்தானே.

ஆகஸ்ட் 17

மழை. தம்பி இல்லை.

ஆகஸ்ட் 19

குளோப் அன்ட் மெயில் பத்திரிகையில் தலைமயிர்க் கதை வந்திருக்கிறது. லீசாவின் தலையை நரைக்க விட யார் அனுமதி கொடுத்தது என்று செய்திப் பிரிவின் தலைவர் ஒரு கூட்டத்தில் கேட்டாராம். ஸ்ரூடியோ வெளிச்சத்தில் அது ஊதா அடிக்கிறது என்று இன்னொரு தடவை சொன்னாராம்.

அனுமதி! நரை என்ன லீவுப் படிவமா, மேலதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் முளைக்குமா?

2020 இல் சலூன்கள் எல்லாம் பூட்டிக்கிடந்தபோதுதான் அவ சாயத்தை விட்டவ. அந்த வருடக் கடைசி நிகழ்ச்சியில் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னவ, இவ்வளவு விடுதலையாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் எப்போதோ விட்டிருப்பேன் என்று. நான் அப்போது மருதாணியும் கோப்பியும் குழைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஏப்ரலில் நாட்டின் சிறந்த தேசியச் செய்தி வாசிப்பாளர் விருது வாங்கியதும் இதே நரைத்த தலையோடுதான்.

குளியலறை வெளிச்சத்தில் என்னுடையது ஊதா இல்லை, கொஞ்சம் மஞ்சள். எங்கள் ஸ்ரூடியோவில் எப்படித் தெரியுமோ தெரியாது. அங்கே இருப்பது பச்சைத் திரையும் இரண்டு விளக்கும்தான். (ஒரு தடவை தெரியாமல் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு போய், தலையும் இரண்டு கையும் மட்டும் ஒட்டாவா நாடாளுமன்றத்துக்கு முன்னால் மிதந்தன. அன்றைக்குத்தான் ஆகக் கூடப் பேர் பார்த்தார்களாம்.)

ஆகஸ்ட் 20, சனி

சின்னவள் வந்தாள். அவளுக்கு எச்ஆரில் வேலை, எங்கே என்று எழுதவில்லை.

"அம்மா, வயது எண்டு எழுதி ஒருத்தரும் ஒருத்தரையும் எடுக்க மாட்டினம். புதுத் திசை எண்டுவினம். பார்வையாளற்ற பழக்கம் மாறீற்றுது எண்டுவினம். அப்பிடிக் கடிதம் நானே எழுதியிருக்கிறன்."

கடைசி வரியைச் சொல்லிவிட்டுக் கறிவேப்பிலையை உருவிக்கொண்டிருந்தாள். சீரிவியின் சொந்தக்காரரான பெல் நிறுவன அறிக்கையிலும் 'பார்வையாளர் பழக்கம்' அப்படியே இருந்தது.

சட்டத்தைக் கேட்டேன். தொலைக்காட்சி மத்திய அரசின் கீழ் வருவதால் ஒன்ராறியோச் சட்டம் இல்லையாம், கனேடிய மனித உரிமைச் சட்டம், 1977. அதில் வயதும் ஒரு காரணமாக எழுதியிருக்கிறது. ஒரு வருடத்துக்குள் முறைப்பாடு செய்ய வேண்டும். வயது மட்டும்தான் காரணம் என்று காட்டத் தேவையில்லையாம், பல காரணங்களில் ஒன்றாக இருந்தாலே போதும். "பிறகென்ன கஷ்டம்?" என்றேன். "மனசுக்குள்ள இருந்ததை எப்பிடி அம்மா காட்டுறது? ஆராவது வாய் தவறி நரை எண்டு சொன்னால்தான் உண்டு."

லண்டன் கதையும் அவள்தான் சொன்னாள். மிரியம் ஓ'ரைலி, பிபிசியில் கிராமப்புறங்களைப் பற்றி வரும் 'கண்ட்ரிஃபைல்'. 2009 இல் அதை ஞாயிறு மாலைக்குக் கொண்டுபோனபோது நாற்பது, ஐம்பது வயதுகளில் இருந்த நாலு பெண்களுக்கு இடமில்லாமல் போனது. அறுபதைத் தாண்டிய ஜோன் கிரேவனுக்கு இருந்தது. தெளிவான படம் வரப்போகிறது, சுருக்கத்தைக் கவனியுங்கள் என்று முன்பே ஒருவர் தன்னிடம் சொன்னார் என்று அவ சாட்சி சொன்னவ. 2011 ஜனவரியில் தீர்ப்பு: வயதுப் பாகுபாடு உண்மை, பெண் என்பதற்காக என்பது நிரூபிக்கப்படவில்லை.

இது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நரைத்த ஆண் இருந்தார், பெண்கள் போனார்கள். அப்படியிருக்க வயதை ஒரு தட்டிலும் பெண்ணை இன்னொரு தட்டிலும் வைத்து நிறுத்தால் என்ன வரும்? முருங்கைக்காய்க் கறியில் காயையும் குழம்பையும் வேறு வேறாக நிறுப்பது போல.

"உங்களுக்குச் சம்பளமே இல்லையே, நீங்கள் ஏன் துடிக்கிறியள்?" என்றாள் போகும்போது. பொங்கலுக்கு ஒரு சேலை தருவார்கள். அதைச் சொல்லவில்லை.

"பூசி விடட்டா?"

வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள், அதற்கு என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 22

பதினாறு. முடிந்தது. வாசலில் தொங்கும் மணியை அடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். இடக்கையால் அடித்தேன், நாதம் மெதுவாகத்தான் வந்தது. தாதி மூன்று பேர் கை தட்டினார்கள்.

டவ் சவர்க்காரக்காரர் நரையை விடுங்கள் என்று விளம்பரம் தொடங்கியிருக்கிறார்கள். இவரிடம் காட்டினேன். "பாத்தீரே, சவர்க்காரம்" என்றார்.

ஆகஸ்ட் 24, இரவு

யாழ்ப்பாணத்தில் விடிந்துவிட்டது, நல்லூர்த் தேர். நேரடி ஒளிபரப்பு. வடம் பிடிப்பவர்களின் முதுகில் வெயில் ஏறுவது தெரிகிறது. வர்ணனை செய்பவரை ஒரு நிமிடமும் காட்டவில்லை. குரல் கரகரத்து, மூச்சு வாங்கி, இடையில் இருமினார். 70 இருக்கும். ஒருத்தருக்கும் குறையில்லை.

ஆகஸ்ட் 26

பெல் தலைவர் இணையத்தில் எழுதியிருக்கிறார்: வயதோ பெண் என்பதோ நரையோ காரணம் இல்லை, அதில் தனக்குத் திருப்தியாம். செய்திப் பிரிவுத் தலைவர் லீவில் போய்விட்டார். வெண்டீஸ் ஹம்பேகர் கடைச் சின்னத்தில் இருக்கும் சிவப்புத் தலைப் பிள்ளைக்கும் நரைத்துவிட்டது, இவர் ஓடி வந்து காட்டினார்.

இந்தத் தலைவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருப்பார். அவர்களுக்குள் ஒருவரும் "வயது போய்விட்டது, எடுப்போம்" என்று சொல்லியிருக்க மாட்டார்கள். "ஒரு புதுமை வேணும்" என்றிருப்பார்கள். நாங்களும் அப்படித்தான் சொன்னோம்.

கோடு அரை அங்குலம் ஏறியிருக்கிறது.

ஆகஸ்ட் 31

தம்பி எடுத்தார்!

"மூத்தோருக்கு ஒரு நிகழ்ச்சி தொடங்குவமா அன்ரி? காலமை பத்து மணிக்கு. மருத்துவக் குறிப்பு, பக்திப் பாட்டு. உங்கட குரலுக்கு நல்லா இருக்கும்."

"செய்தி?"

"அது பிள்ளையள் பழகட்டுமே."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பத்தொன்பது வருடம் வாசித்த வாய்க்கு அதைத் தவிர ஒன்றும் வரவில்லை. நல்ல பிள்ளை அவர். ஆஸ்பத்திரிக்குச் சூப் கொண்டுவந்தவர். அதனால்தான் கோபிக்கவும் வழியில்லாமல் இருக்கிறது.

செப்டெம்பர் 5

லீசாவின் கதிரையில் இன்றிலிருந்து ஒமார் சச்செடினா. வயது 39. வன்கூவரில் பிறந்தவர், உகண்டாவிலிருந்து வந்த குடும்பம். எங்கள் நிறம். வேறு எந்த நாளென்றாலும் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன். நன்றாகத்தான் வாசித்தார். அவரில் என்ன பிழை? கதிரை காலியாக இருக்கிறது, இரு என்றார்கள், இருந்தார்.

எனக்கு அப்போது 38.

2003, மார்கழி. எங்கள் ரீவியில் அப்போது செய்தி வாசித்த ரீச்சருக்குக் கண்ணாடி தடிப்பு, விளக்கு அதில் பட்டுத் தெறிக்கிறது என்றார்கள். எழுத்தைப் பெரிதாக அடித்துக் கொடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், தோன்றியது. சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை நான் மாம்பழ நிறச் சேலையோடு போய் அந்தக் கதிரையில் இருந்தேன். மேசை லாச்சிக்குள் ரீச்சருடைய சிவப்புப் பென்சில் கிடந்தது. மூச்சு விடும் இடங்களில் சாய்கோடு போடுவதற்கு அவர் வைத்திருந்தது. அதே பென்சிலால் என் தாளில் கோடு போட்டு வாசித்தேன். ரீச்சர் விடைபெறவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. எங்கே ரீச்சர் என்று ஒரு அம்மா மட்டும் ஃபோன் எடுத்துக் கேட்டா, "அவ ஓய்வெடுக்கிறா" என்று நான்தான் சொன்னேன். அவவுக்கு 62 அப்போது.

பென்சில் இன்னும் என்னிடம்தான். சுவரில் கோடு போடுவது அதனால்தான். வேறு பென்சில் வீட்டில் இல்லாமலா?

செப்டெம்பர் 6

நித்திரை இல்லை.

செப்டெம்பர் 8

மகாராணி போய்விட்டா. 96. செவ்வாய்க்கிழமைதான் புதுப் பிரித்தானியப் பிரதமருக்குக் கை கொடுத்துக்கொண்டு நின்றவ, ஊன்றுகோலோடு. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புறங்கை நீலம் பாரித்திருந்தது, எனக்கு ஊசி குத்திக் குத்தி வந்த அதே நீலம்.

செப்டெம்பர் 13

பழைய கொப்பியில் ரீச்சரின் இலக்கம் இருக்கிறது. ஐந்து இலக்கம் அமத்திவிட்டு வைத்துவிட்டேன்.

செப்டெம்பர் 19, திங்கள்

விடியப்புறமே எழும்பி அரச மரணச்சடங்கு பார்த்தேன். வேறு தொலைக்காட்சியான சிற்றி நியூஸில் லீசா, லண்டனிலிருந்து. அதே தலை, அதே குரல். ஊதாவெல்லாம் இல்லை. தேநீர் ஆறும்வரை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பத்து மணிக்கு இலக்கத்தை முழுக்க அமத்தினேன். மகள் எடுத்து அவரிடம் கொடுத்தா.

"ஆர்?"

சொன்னேன்.

"ஓமோம், தெரியுது. நீர் இன்னும் 'ஏளு' எண்டுதானே வாசிக்கிறீர்?"

"இல்லை ரீச்சர். ஏழு."

"திருப்பிச் சொல்லும்."

சொன்னேன். மூன்று தரம். கேட்கவில்லை என்றார். எனக்கு என்னென்னவோ சொல்ல இருந்தது, கண்ணாடி, பென்சில், அந்த அம்மாவின் ஃபோன். அதற்குள் மருந்து நேரம் என்று மகள் வாங்கிவிட்டா. நாளைக்கு எடுங்கோ என்றா.

செப்டெம்பர் 20

எடுத்தேன். நித்திரையாம். பின்னேரம் எடுக்கச் சொன்னார்கள்.