லண்டன் நர்சரி வேலை: டிபிஎஸ் வந்துவிட்டது, நாப்பி (டயப்பர்) மேசைக்குத்தான் வழி இல்லை

இங்கிலாந்தில் பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் நர்சரிகளில் ஆண் ஊழியர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் இருந்தாலே அதிகம். குழந்தைப் பராமரிப்பில் லெவல் 3 டிப்ளமா, நேர்காணல், 12 மணி நேர முதலுதவிப் பயிற்சி எல்லாம் பெண்களுக்கு எப்படியோ அப்படித்தான் நமக்கும். அங்கே சிக்கல் இல்லை. என்னை இழுத்தடித்தது மூன்று: ரெஃபரன்ஸ் (முன்பு வேலை பார்த்த இடம் நம்மைப் பற்றித் தரும் கடிதம்), டிபிஎஸ் (குற்றப் பின்னணிச் சோதனை), அப்புறம் எந்தப் படிவத்திலும் இல்லாத ஒரு விதி.

நம் ஊர்ப் பள்ளி தரும் 'சம்பந்தப்பட்ட அனைவருக்கும்' ரக அனுபவச் சான்றிதழை நம்பி விமானம் ஏறாதீர்கள். 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இஒய்எஃப்எஸ் (நர்சரிகளுக்கான அரசு விதித் தொகுப்பு) விதிகளின்படி அப்படிப் பொதுவாக எழுதிய கடிதத்தை நர்சரி ஏற்கக் கூடாது. நம்மையே வாங்கி வரச் சொல்லவும் கூடாது. பழைய பள்ளிக்கு நர்சரிதான் நேராக எழுதிக் கேட்க வேண்டும். தலைமையாசிரியர் சொந்த ஜிமெயிலிலிருந்து பதில் போட்டால், உண்மையிலேயே பள்ளியிலிருந்துதான் வந்ததா என்று அதையும் சரிபார்ப்பார்கள். எனக்கு மூன்று வாரம் இதிலேயே போச்சு. கிளம்பும் முன்பே பள்ளியின் பெயரில் உள்ள மின்னஞ்சல் முகவரியை வாங்கிக்கொண்டு, 'இப்படி ஒரு கடிதம் வரும், பதில் போடுங்க சார்' என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

டிபிஎஸ்ஸில் கடந்த 5 வருட முகவரிகளை இடைவெளியே இல்லாமல் தர வேண்டும். நண்பன் வீட்டு ஹாலில் படுத்திருந்த இரண்டு மாதமும் அதில் சேர்த்தி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, டிகிரியில் வெறும் இனிஷியல் என்று இருந்தால், புழங்கிய எல்லாப் பெயர்களையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். பிறகு திருத்தப்போனால் முதலிலிருந்து ஆரம்பம். முகவரிச் சான்றுக்கு மொபைல் பில் செல்லாது. மின்சாரம், எரிவாயு பில்லாக இருந்தால் 3 மாதத்துக்குள் வந்ததாக இருக்க வேண்டும். இந்தியாவில் இருந்த காலத்துக்குத் தனியாக போலீஸ் சான்றிதழ் கேட்பார்கள். டிபிஎஸ் சான்றிதழ் தபாலில் நம் முகவரிக்கு மட்டும்தான் வரும், நர்சரிக்குப் பிரதி போகாது. ஐந்து பேர் சேர்ந்து குடியிருக்கும் வீட்டில் கதவுக்கடியில் பீட்சா நோட்டீஸ்களோடு கிடக்கும், தேடி எடுங்கள். சான்றிதழ் தேதியிலிருந்து 30 நாளுக்குள், அதை இணையத்தில் நடப்பில் வைத்திருக்கும் அப்டேட் சர்வீஸில் சேர்ந்துவிட்டால் அடுத்த வேலைக்கு இந்தக் கூத்தைப் பெரும்பாலும் திரும்ப ஆட வேண்டியிருக்காது.

சான்றிதழ் வரும்வரை யாரையும் குழந்தைகளோடு தனியாக விட மாட்டார்கள். புதிதாகச் சேரும் பெண்ணுக்கும் அதே விதிதான். ஆனால் பெற்றோர் கண்ணுக்கு, கூடவே ஒரு பெண்ணை நிறுத்தி ஒரு ஆணைக் கண்காணிக்கிறார்கள் என்றுதான் படும். 'புதுசா வர்ற எல்லாருக்கும் இப்படித்தான்' என்று முதல் வாரமே மேனேஜரை விட்டுச் சொல்லவையுங்கள். நாமாகச் சொன்னால் சமாளிக்கிற மாதிரி இருக்கும்.

இனி அந்த எழுதாத விதி. 'பேபி ரூம் வேண்டாமே, நாப்பியைப் பெண்கள் பார்த்துக்குவாங்க.' இதைச் சொன்ன இடத்தின் பெயர் வேண்டாம். ஆண் நாப்பி மாற்றக் கூடாது என்று இஒய்எஃப்எஸ்ஸில் எங்கேயும் இல்லை. ஆண் என்பதற்காகவே வேலையைப் பிரித்துக் கொடுப்பது 2010 சமத்துவச் சட்டப்படி பாகுபாடு. ஆனால் சட்டத்தைக் காட்டினால் மேனேஜர் முகம் இறுகிவிடும். கணக்கைக் காட்டுங்கள். இரண்டு வயதுக்குக் கீழ் 3 குழந்தைக்கு ஒரு ஊழியர். அறையில் 6 குழந்தைகள், 2 ஊழியர்கள். குழந்தைக்கு நாலு தடவை மாற்றினால் ஒரு நாளைக்கு 24. அத்தனையும் ஒரே பெண் தலையில். ஒரு வாரத்தில் அவருக்கே நம் மேல் கடுப்பு வந்துவிடும். விதியைப் போட்டவர் மேல் வராது.

சேரும் முன்பே நாப்பி, கழிப்பறை உதவி பற்றிய கொள்கையைத் தாளில் கேட்டு வாங்கிப் படியுங்கள். இரண்டாவது ஆள் உடனிருக்க வேண்டும் என்று இருந்தால், ஆணுக்கு மட்டுமா, எல்லோருக்குமா என்று கேளுங்கள். நான் கேட்ட பிறகு 'ஆண் ஊழியர்' என்ற சொல்லை அடித்து 'எல்லா ஊழியரும்' என்று பேனாவால் திருத்தித் தேதி போட்டார்கள். அந்தத் தாளை போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

மாற்றும்போது: ஏப்ரன், கையுறை, முன்னிருந்து பின்னாகத் துடைப்பு, குழந்தை மேசையில் இருக்கும்வரை ஒரு கை அதன் மேல். பெற்றோர் எழுத்தில் அனுமதித்த க்ரீம் மட்டும். கதவு சாத்தக் கூடாது. உடனே பதிவேட்டில் நேரம், ஈரமா மலமா, சிவந்திருக்கிறதா, கையொப்பம். சிவப்பை எழுதாமல் விட்டு, மாலையில் அம்மா கண்டுபிடித்தால் முதல் கேள்வி நம்மிடம்தான் வரும். அறையில் வேறு யார் மாற்றியிருந்தாலும் சரி.

கீ பர்சனாக (தன் குழந்தைக்கென ஒதுக்கப்படும் பொறுப்பாளராக) ஆண் வேண்டாம் என்று ஒரு பெற்றோர் சொன்னால் அங்கேயே வாதாடாதீர்கள், அது மேனேஜர் பேச வேண்டியது. எங்கள் பக்கம் வெள்ளைக்காரப் பெற்றோரைவிட நம்மவர்கள்தான் அதிகம் தயங்குகிறார்கள். ஈஸ்ட் ஹாம் அக்கா ஒருத்தர் மகளை விட வந்தபோது கேட்டது: 'ஏன் தம்பி, ஐடியில ஒண்ணும் கிடைக்கலையா?' மகள் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு மணல் தொட்டிக்குப் போய்விட்டிருந்தாள்.