இறகில் இறங்கும் பாதரசம்

மார்ச் 2

இன்று முழுக்க இறகு கழுவுகிற வேலை. கடற்பறவையின் இறகை அசிட்டோனில் அலசி, காயவைத்து, பொடியாக நறுக்கி, எடை போட வேண்டும். வெளியே ஒட்டிய அழுக்கு கணக்கில் வந்துவிடக் கூடாது. பறவையே உள்ளிருந்து இறக்கிவைத்த பாதரசம்தான் எனக்கு வேண்டும். இறகு முளைக்கும்போது ரத்தத்தில் ஓடும் மெத்தில் பாதரசம் (உயிர்களின் உடலில் ஏறிச் சேரும் பாதரச வடிவம்), இறகின் புரதமான கெரட்டினில் இருக்கும் கந்தகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இறகு முற்றியதும் அதற்கு ரத்த ஓட்டம் நின்றுவிடும். அதற்குப் பிறகு அந்தக் கணக்கில் வரவும் இல்லை, செலவும் இல்லை.

நறுக்கியதை நிக்கல் தட்டில் வைத்துக் கருவிக்குள் அனுப்பினால் எரிந்துபோகிறது. கிளம்பும் பாதரச ஆவியை உள்ளே இருக்கும் தங்கம் பிடித்துவைக்கிறது. தங்கத்தைச் சூடாக்கினால் பிடித்ததை மொத்தமாக விட்டுவிடும். அந்த ஆவி 253.7 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்து அளவைச் சொல்கிறோம். சிறு தங்கச் சுரங்கங்களில் தங்கத்தைப் பிடிக்கப் பாதரசம், இங்கே பாதரசத்தைப் பிடிக்கத் தங்கம். மனிதர்கள் காற்றில் விட்ட பாதரசம் 2015இல் மட்டும் சுமார் 2,200 டன். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தச் சுரங்கங்களின் உபயம். ஐந்தில் ஒரு பங்கு நிலக்கரிப் புகை.

மார்ச் 4

புதிதாகச் சேர்ந்த மாணவி கேட்டாள்: “பாதரசத்தால் கடலில் எத்தனை விலங்குகள் செத்திருக்கின்றன அக்கா?”

எல்லோரும் கேட்கிற கேள்விதான். மினமாட்டா நம்மை அப்படிப் பழக்கிவிட்டது. ஜப்பானின் அந்த விரிகுடாவில் சிஸ்ஸோ ரசாயன ஆலையின் பாதரசக் கழிவு கலந்துகொண்டிருந்த காலத்தில் மீன்கள் செத்து மிதந்தன. காகங்கள் பறக்கும்போதே விழுந்தன. பூனைகள் வலிப்பு வந்து துடித்தன. மனிதர்களுக்கு வந்த நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956 மே 1 அன்று. அதிலிருந்து, பிணம் மிதந்தால்தான் பாதரசம் என்று ஆகிவிட்டது.

இன்று உலகக் கடல்களில் இருப்பது அந்த மாதிரி விஷம் அல்ல. அது ஆளைச் சாய்ப்பதில்லை, காரியத்தைக் கெடுக்கிறது. தென்கடல் தீவுகளில் பெரிய அல்பட்ராஸ்களையும் ஸ்குவா பறவைகளையும் ஆண்டுக்கணக்கில் கண்காணித்து 2014இல் வெளியிட்ட முடிவுகளைப் பாருங்கள். ரத்தத்தில் பாதரசம் கூடிய பறவைகள் செத்துவிடவில்லை. வளர்ந்த பறவைகள் பிழைத்திருக்கும் விகிதத்தில் மாற்றமே தென்படவில்லை. குறைந்தது இனப்பெருக்கத்தில் கிடைத்த வெற்றி. அல்பட்ராஸ் ஒரு முறைக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். அதிலும் அடுத்த முட்டைக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள் ஆகும். இந்த வேகத்தில் கூடு கட்டும் பறவைக்கு ஒரு முட்டை பொய்த்தாலே பெரிய நஷ்டம்.

வெள்ளை அரிவாள் மூக்கன்களைக் கூண்டில் வளர்த்து, இயற்கையில் கிடைக்கிற அளவுக்கே மெத்தில் பாதரசத்தை இரையில் கலந்து கொடுத்த ஆய்வு இன்னும் விசித்திரம். ஆண் பறவைகள் ஆண் பறவைகளோடு ஜோடி சேர்ந்து கூடு கட்டின. பறவைகள் நன்றாகத்தான் இருந்தன, குஞ்சுகள்தான் குறைந்தன. இறந்த உடலைத் தேடிப் போகிறவர் இந்தக் கணக்கை எங்கே எழுதுவார்?

மார்ச் 5

கருவி மக்கர். விளக்கை மாற்ற வேண்டுமாம். இறகுகள் காத்திருக்கட்டும்.

காத்திருக்கும் நேரத்தில் மாணவிக்கு ஒரு விஷயத்தைப் புரியவைத்தேன். பாதரசம் கொழுப்பில் தங்கும் என்று அவளும் நம்பிக்கொண்டிருந்தாள். அது டிடிடி போன்ற பூச்சிக்கொல்லிகளின் குணம். மெத்தில் பாதரசம் தங்குவது புரதத்தில், அதாவது தசையிலும் மூளையிலும். பிராணவாயு இல்லாத இடங்களில் வாழும் பாக்டீரியாக்கள் அதைத் தயாரிக்கின்றன. மிதவை உயிரிகளில் ஏறி, சிறு மீன், பெரு மீன் என்று ஒவ்வொரு வாயாகக் கைமாறி, சூரை மீனுக்கும் சுறாவுக்கும் வரும்போது நீரில் இருந்ததைப் போலப் பத்து லட்சம் மடங்குக்கு மேல் சேர்ந்திருக்கும். உடலுக்குள் அது செய்வது ஆள்மாறாட்டம். சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு சேர்ந்துகொண்டு மெத்தியோனின் என்ற இன்னோர் அமினோ அமிலத்தின் சாயலில் போகிறது. மூளையின் காவலும் நஞ்சுக்கொடியும் உணவு என்று நம்பி வழிவிட்டுவிடுகின்றன.

மார்ச் 9

டால்பின் கல்லீரல் அளவுகளைப் படித்துக்கொண்டிருந்தேன். டால்பின் போன்ற பல் திமிங்கிலங்களின் கல்லீரலில் வருகிற எண்களைப் பார்த்தால் அந்த விலங்கு எப்படி உயிரோடு இருந்தது என்றே தோன்றும். காரணம் செலினியம் என்ற தாது. கல்லீரல் மெத்தில் பாதரசத்தை உடைத்து, செலினியத்தோடு பிணைத்து, கரையாத துகள்களாக ஒதுக்கிவைக்கிறது. வயதான டால்பின்களில் அந்தத் துகள்களை நுண்ணோக்கியில் காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் இது இலவச வைத்தியம் அல்ல. உடலின் நொதிகளுக்கு வேண்டிய செலினியத்தை எடுத்துத்தான் இந்தச் செலவைச் செய்ய வேண்டும். கரையொதுங்கிய அட்லாண்டிக் டால்பின்களில் பாதரசம் மிகுந்தவற்றுக்குக் கல்லீரல் கோளாறும் இருந்ததை 1993இலேயே பதிவுசெய்திருக்கிறார்கள்.

கன்றின் கதை வேறு. தாயிடமிருந்து பாதரசம் வருவது பாலில் குறைவு, கருவில் அதிகம். மூளை உருவாகிக்கொண்டிருக்கும் நேரம் அதுதான். கன்றின் கல்லீரலுக்கு உடைத்து ஒதுக்கும் வித்தை இன்னும் கைவரவில்லை. எனவே தாயின் பெரிய எண்ணில் பெரும்பகுதி முடக்கப்பட்ட பாதரசம்; கன்றின் சின்ன எண்ணில் பெரும்பகுதி வேலை செய்கிற பாதரசம். மொத்த அளவை மட்டும் அச்சிடுகிற அட்டவணைகள் மேல் எனக்கு இருக்கும் எரிச்சலுக்கு இதுவே காரணம்.

மார்ச் 11

அருங்காட்சியக இறகுகளிலும் இதே சிக்கல் உண்டு. பழங்காலத்தில் பூச்சி அரிக்காமல் இருக்கப் பதப்படுத்திய பறவைகள் மேல் பாதரச உப்பையே பூசினார்கள். அதனால் மெத்தில் பாதரசத்தைத் தனியே பிரித்து அளக்காவிட்டால் பதில் குப்பை. அப்படிப் பிரித்து அளந்ததில், ஆர்க்டிக்கின் வெண்ணிறக் கடற்காகமான ஐவரி கல் பறவையின் இறகில் 1877 முதல் 2007 வரை 45 மடங்கு உயர்வு. அதன் இரை அந்தக் காலத்தில் பெரிதாக மாறவில்லை என்பதையும் சரிபார்த்திருக்கிறார்கள்.

இறகையோ முடியையோ உதிர்ப்பது விலங்குக்கு நல்ல விடுதலை. கடலுக்கு அப்படி இல்லை. கலிபோர்னியாவின் அன்யோ நுவேவோவில் யானை சீல்கள் முடி உதிர்க்கும் பருவத்தில், நீரில் மெத்தில் பாதரசம் மற்ற கடலோர இடங்களைவிட 17 மடங்கு இருந்தது.

மார்ச் 16

சூரை மீன்களைப் பற்றிய 2024ஆம் ஆண்டுக் கட்டுரையை மாணவி கொண்டுவந்தாள். காற்றில் கலக்கும் பாதரசம் பல பகுதிகளில் குறைந்தும், 1971 முதல் சூரையின் தசையில் அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. “அப்படியென்றால் மினமாட்டா ஒப்பந்தத்தால் என்ன பயன்?” என்றாள். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் அந்த உலக ஒப்பந்தம் அமலுக்கு வந்தது 2017இல். ஆழ்நீரில் இருப்பதோ பல தலைமுறைகள் கொட்டிய பழைய சரக்கு, அது மேலே வந்துகொண்டே இருக்கிறது. புதிதாகக் கொட்டுவதை நிறுத்தினால்கூட பலன் தெரியப் பல பத்தாண்டுகள் ஆகும். நிறுத்தாவிட்டால் அதுவும் இல்லை.

கருவி சரியாகிவிட்டது. அடுத்து குஞ்சுகளின் முறை. முதல் தூவி முட்டைக்குள்ளேயே முளைப்பதால் அதில் இருப்பது தாய் கொடுத்தது. பிறகு முளைக்கும் இறகில் இருப்பது ஊட்டிய இரை கொடுத்தது. இரண்டையும் தனித்தனி உறையில் போடச் சொல்லியிருந்தேன். எல்லாம் ஒரே உறையில் வந்திருக்கிறது. நாளை இடுக்கியும் பூதக்கண்ணாடியுமாக நானும் அவளும் உட்கார்ந்து பிரிக்க வேண்டும்.